வெளிவராத மென்பொருளும் வாசல் கட்டணமும்

2023 ஜூன் 5 அன்று ஆப்பிள் தன் ஆண்டு மாநாட்டில் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 17-ஐ அறிவித்தது. அன்றே அதன் முதல் டெவலப்பர் பீட்டாவும், அதாவது ஆப் எழுதுபவர்களுக்கான சோதனைப் பதிப்பும், வந்தது. அதுவரை இந்த முதல் பதிப்பு ஆண்டுக்கு 99 டாலர் கட்டி உறுப்பினரானவர்களுக்கு மட்டுமே உரியது. இந்த முறை பணம் கட்டாதவர்களின் போன்களிலும் அது தெரிந்தது. நிறுவனம் கவனிக்காமல் திறந்து வைத்துவிட்ட கதவு இது, மாலைக்குள் மூடிவிடுவார்கள் என்று பலர் நினைத்தார்கள். மூடவில்லை. இலவசக் கணக்கு வைத்திருப்பவருக்கும் இயங்குதள பீட்டா உண்டு என்று உறுப்பினர் சலுகைகளின் பட்டியலிலேயே நிறுவனம் எழுதி வைத்தது. ஆப்பிள் கணக்கால் டெவலப்பர் தளத்தில் நுழைந்து ஒப்பந்தத்தை ஒருமுறை ஏற்றுக்கொண்டால் போதும்.

2008-இல் ஐபோனுக்கு ஆப் எழுதும் திட்டம் தொடங்கியபோது போடப்பட்ட வேலி, 15 ஆண்டு கழித்து இப்படி எடுக்கப்பட்டது. அந்த 15 ஆண்டும் வேலிக்கு வெளியே நின்றவர்கள் சும்மா நிற்கவில்லை. வாடகைக்கு இடம் பிடித்தார்கள், கைமாறி வந்த கோப்புகளை நிறுவினார்கள், சிலர் போனையே இழந்தார்கள். அவர்கள் செய்தது திருட்டா? அந்த வேலி யாரைக் காத்தது? இப்போது இலவசமாக உள்ளே போகிறவர் எதைக் கொடுத்து எதைப் பெறுகிறார்? கேள்விகளை ஒன்றாகவே பார்க்க வேண்டியிருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சோதனைப் பதிப்பைப் பயன்படுத்துவது ஓர் உழைப்பு. அந்த உழைப்புக்குக் கட்டணம் வசூலித்ததால் பெரிய இழப்பு நிறுவனங்களுக்கும், ஆங்கிலம் தவிர்த்த மொழிகளில் எழுதுகிற நமக்கும்தான்.

முடிக்கப்படாத மென்பொருளுக்குக் காசு வாங்கும் பழக்கத்தை ஆப்பிள் தொடங்கி வைக்கவில்லை. விண்டோஸ் 95 கடைக்கு வருமுன் மைக்ரோசாஃப்ட் அதன் முன்னோட்டப் பதிப்பை அமெரிக்காவில் 19.95 டாலருக்கு ஃப்ளாப்பி கட்டாக விற்றது. 2000 செப்டம்பரில் ஆப்பிள் தன் மேக் ஓஎஸ் எக்ஸ் பொது பீட்டாவை 29.95 டாலருக்குக் கொடுத்தது. அது அடுத்த மே மாதம் தானாகவே செத்துப்போகும்படி தேதி வைக்கப்பட்ட வட்டு. காலாவதியாகப் போகிற, பிழை நிறைந்த ஒரு பொருளை ஒரு லட்சம் பேருக்கு மேல் விலை கொடுத்து வாங்கினார்கள். 75,000-க்கும் அதிகமான கருத்துகளை எழுதியும் அனுப்பினார்கள்.

அந்தக் கருத்துகள் என்ன செய்தன என்பதற்குக் கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சி ஒன்று இருக்கிறது. பழைய மேக்கில் திரையின் இடது மேல் மூலையில் ஆப்பிள் மெனு இருக்கும். பொது பீட்டாவில் அதை எடுத்துவிட்டு, சொடுக்கினால் எதுவும் நடக்காத ஓர் ஆப்பிள் சின்னத்தை மெனுப் பட்டையின் நடுவில் அழகுக்கு வைத்திருந்தார்கள். பயன்படுத்தியவர்கள் கொதித்தார்கள். 2001 மார்ச்சில் 10.0 வெளிவந்தபோது மெனு மீண்டும் இடது மூலைக்கே வந்துவிட்டது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. பணமும் கொடுத்து வேலையும் செய்தவர்களுக்கு முழுப் பதிப்பின் விலையில் அந்த 30 டாலர் கழிக்கப்பட்டது. வாங்கிய பணத்தைக் கணக்கில் வைத்துத் திருப்பிக் கொடுத்த அந்த நேர்மை பிற்கால 99 டாலரில் இல்லை.

விளையாட்டு மென்பொருள் உலகம் இதை வேறு விதமாகக் கையாண்டது. மைன்கிராஃப்ட் ஆல்ஃபா நிலையில் 9.95 யூரோவுக்கும், பீட்டா நிலையில் 14.95-க்கும், 2011 நவம்பரில் முழுமையானபோது 19.95-க்கும் விற்றது. முன்னதாக வருபவர் குறைவாகக் கொடுக்கிறார், பிழைகளைச் சகித்துக்கொள்கிறார், முடிந்த பொருளும் அவருக்கே கிடைக்கிறது. இதில் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் கணக்கு நேராக இருக்கிறது. கட்டற்ற மென்பொருள்காரர்களுக்கோ இந்தக் கேள்வியே எழவில்லை. டெபியன் லினக்ஸின் நிலைப்படாத கிளையையும் ஃபயர்பாக்ஸின் அன்றாடப் பதிப்பையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எத்தனை பேர் பார்க்கிறார்களோ அத்தனைக்குப் பிழை சீக்கிரம் அகப்படும் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது.

ஆக, ஆப்பிளின் 99 டாலர் தனிக் கதை. அந்தக் கட்டணம் உண்மையில் பீட்டாவுக்கானது அல்ல. ஆப் ஸ்டோரில் ஆப்பை வைக்கவும், போனில் தன் நிரலைக் கையொப்பமிட்டு ஓட்டவும், தொழில்நுட்ப உதவி பெறவும் வாங்கப்பட்டது. பீட்டா அதோடு சேர்ந்து வந்தது. மேக் பக்கம் இன்னும் கடுமை. 2010 மார்ச்சில் அங்கும் 99 டாலர் திட்டம் வரும்வரை, முன்வெளியீடுகள் வேண்டுமானால் 499 டாலர் அல்லது 3,499 டாலர் உறுப்பினராக வேண்டியிருந்தது. 2013-இன் மாற்று விகிதத்தில் 99 டாலர் என்பது ஏறத்தாழ 6,000 ரூபாய்; இன்று 8,000 ரூபாய்க்கு மேல். ஆப் எழுதி விற்கும் நிறுவனத்துக்கு அது பொருட்டில்லை. கல்லூரி விடுதியில் இருந்துகொண்டு தமிழ் அகராதி ஆப் ஒன்றை எழுதிப் பார்க்க நினைத்த மாணவருக்கு அது ஒரு மாதத்துச் சாப்பாட்டுக் காசு. அதைக் கட்ட வெளிநாட்டுப் பரிவர்த்தனை ஏற்கும் அட்டையும் வேண்டும். வீட்டில் அப்படி ஓர் அட்டை இருப்பதே அன்று அபூர்வம்.

அந்த வேலி எப்படி வேலை செய்தது என்பதைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். ஒவ்வொரு ஐபோனுக்கும் அன்று 40 குறியீடுகள் கொண்ட யூடிஐடி என்ற அடையாள எண் உண்டு. போனைக் கணினியில் இணைத்து ஐட்யூன்ஸைத் திறந்தால் வரிசை எண் தெரியும். அந்த வரிசை எண்ணின் மேல் ஒருமுறை சொடுக்கினால் அது மறைந்து, அந்த இடத்தில் யூடிஐடி தோன்றும். ஓர் உறுப்பினர் ஆண்டுக்கு 100 கருவிகளின் எண்ணைத் தன் கணக்கில் பதிந்துகொள்ளலாம். பதியப்பட்ட போனில் மட்டுமே பீட்டா உயிர்பெறும். பதியாத போனில் நிறுவினால் வரவேற்புத் திரையைத் தாண்டாது. சோதனைக்காகக் கொடுத்த அந்த 100 இடங்கள்தான் சந்தைக்குச் சரக்காயின. தன் பத்துக் கருவிகளுக்குப் போக மீதி இடங்களை ஒருவர் தலைக்குச் சில டாலருக்கு விற்றால், கட்டிய 99 டாலர் பல மடங்காகத் திரும்பும். வாங்கியவர் தன் எண்ணை மின்னஞ்சலில் அனுப்பிப் பணத்தைக் கட்டிவிட்டுக் காத்திருப்பார். 2012-இல் ஐஓஎஸ் 6 பீட்டா காலத்தில் இப்படி விற்ற தளங்கள் சில மூடப்பட்டன. வேறு பெயர்களில் மீண்டும் முளைத்தன.

இதற்கு ஒரு படி கீழே வெறும் திருட்டு வட்டு இருந்தது. 2003-இல் மைக்ரோசாஃப்ட் தன் டெவலப்பர் மாநாட்டில் லாங்ஹார்ன் என்ற பெயரில் கொடுத்த முன்னோட்டப் பதிப்பு, அதே ஆண்டு டிசம்பரில் மலேசியாவின் ஜொகூர் பாருவில் 6 ரிங்கிட்டுக்கு நகல் வட்டாக விற்றது. அந்த மென்பொருள் விஸ்டா என்ற பெயரில் கடைக்கு வந்தது 2007 ஜனவரியில்தான். மூன்று ஆண்டுக்கு முந்தைய அரைகுறைப் பொருளை அந்தக் கடைகளில் யாரோ வாங்கிப் போய்த் தம் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். புதியதை முதலில் பார்க்கும் ஆவல் அவ்வளவு வலியது.

இனி, திருட்டா என்ற கேள்வி. மூன்றை ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. நிறுவனத்துக்குள்ளிருந்து ரகசியமாக எடுத்து வெளியே விடுவது குற்றம். வெளிவராத விண்டோஸ் 8 கோப்புகளைக் கசியவிட்டதற்காக மைக்ரோசாஃப்டின் முன்னாள் ஊழியர் ஒருவர் 2014-இல் அமெரிக்காவில் கைதாகிச் சிறைத் தண்டனை பெற்றார். உறுப்பினர் தன் இடங்களை விற்பது ஒப்பந்த மீறல். அதற்கு அவர் உறுப்பினர் தகுதியை இழக்கலாம். விற்ற இடத்தை வாங்கியவர் நிலை வேறு. அவர் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடவில்லை, எந்தப் பொருளையும் யாரிடமிருந்தும் பறிக்கவில்லை. சில மாதத்தில் இலவசமாகவே வரப்போகும் ஓர் அப்டேட்டை முன்கூட்டிப் பெற்றார். ஆனாலும் உரிமம் இல்லாத பயன்பாடு உரிமம் இல்லாத பயன்பாடுதான். அதை நியாயப்படுத்த நான் வரவில்லை. அந்தப் பணம் மென்பொருளை எழுதியவருக்கும் போகவில்லை, பிழையைச் சொல்லும் வழியும் வாங்கியவருக்குத் திறக்கவில்லை என்பதே என் வருத்தம். பிழையைத் தெரிவிக்கும் வாசல் டெவலப்பர் கணக்குக்குள் இருந்தது. ஆகவே வேலிக்கு வெளியிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான சோதனையாளர்கள் பார்த்த பிழைகள் அவர்களோடே போயின.

வேலிக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் ஒரு வாதத்துக்கு வலு உண்டு. பீட்டாவைப் பொழுதுபோக்குக்காகப் போட்டுக்கொள்பவர், ஏதாவது ஆப் செயலிழந்தால் அந்த ஆப்பை எழுதியவரைக் குற்றம் சொல்லி ஒற்றை நட்சத்திரம் போட்டுவிடுவார். அடித்தளமே ஆடிக்கொண்டிருக்கையில் ஆப் என்ன செய்யும்? தனியாளாக ஆப் எழுதி வாழ்பவருக்கு இப்படிப் பத்து மதிப்புரை வந்தால் விற்பனையே விழும். இந்தத் தொல்லை உண்மையானது. 2015 ஜூலையில் ஐஓஎஸ் 9 பீட்டா ஓடும் போன்களிலிருந்து ஆப் ஸ்டோரில் மதிப்புரை எழுதுவதையே ஆப்பிள் தடுத்தது. கட்டணம் வைக்காமலே தொல்லையைத் தீர்க்க முடியும் என்பதற்கு அந்த ஒரு சிறு தடையே நல்ல எடுத்துக்காட்டு.

ரகசியம் காக்க வேலி வேண்டும் என்ற வாதமோ நிற்கவில்லை. 2008-இல் ஐபோன் நிரலாக்கத்தைப் பற்றிப் புத்தகம் எழுதக்கூட முடியாத அளவுக்கு ஒப்பந்தம் வாயைக் கட்டியிருந்தது. அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று, வெளியாகிவிட்ட மென்பொருளுக்கு அந்தக் கட்டு அவிழ்க்கப்பட்டது. 2014-இல் வெளிவராத தொழில்நுட்பத்தைப் பற்றியும் டெவலப்பர்கள் பொதுவில் பேசலாம் என்றாயிற்று. பீட்டா வந்த சில மணி நேரத்தில் உலகம் முழுதும் அதன் படங்கள் பரவிவிடும் காலத்தில் 99 டாலர் எந்த ரகசியத்தையும் காக்கவில்லை.

மற்ற நிறுவனங்கள் இதற்குள் கதவைத் திறந்துவிட்டிருந்தன. 2009 ஜனவரியில் விண்டோஸ் 7 பீட்டாவை 25 லட்சம் பேருக்கு மட்டும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. கூட்டத்தில் சர்வர்கள் திணறின, வரம்பு எடுக்கப்பட்டது. 2014 செப்டம்பர் இறுதியில் அறிவித்த விண்டோஸ் இன்சைடர் திட்டத்தில் இரண்டே வாரத்தில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் பெயர் கொடுத்தார்கள். கூகுள் 2014 ஜூனில் ஆண்ட்ராய்டு எல் முன்னோட்டத்தை நெக்சஸ் கருவிகளுக்கு விலையில்லாமல் கொடுத்து, 2016-இல் இணையத்தில் பதிந்தாலே போனுக்கு வந்துசேரும்படி எளிதாக்கியது. ஆப்பிளும் அசைந்தது. 2014 ஜூலையில் மேக்கின் யோசெமிட்டி பீட்டா முதலில் வரும் பத்து லட்சம் பேருக்கு. 2015 மார்ச்சில் ஐபோனுக்கு முதல் பொது பீட்டா. அதே 2015-இல் இன்னொரு கதவும் திறந்தது. அதற்கு முன் தன் கையால் எழுதிய ஆப்பைத் தன் சொந்த ஐபோனில் ஓட்டிப் பார்க்கவே 99 டாலர் வேண்டும். ஆப்பிளின் நிரலாக்கக் கருவியான எக்ஸ்கோடு 7 வந்தபின் இலவசக் கணக்கிலேயே ஓட்டலாம். ஏழு நாளுக்கு ஒருமுறை மீண்டும் ஏற்ற வேண்டும், ஒரு நேரத்தில் மூன்று ஆப்தான். ஏழை மாணவருக்கு அந்த ஏழு நாள் போதும். நிரலாக்கம் கற்றுக்கொள்ளும் உரிமையில் இதையே நான் பெரிய திருப்பமாகக் கருதுகிறேன்; பீட்டா அதற்கு அடுத்தபடிதான்.

இவ்வளவும் நடந்த பிறகும் டெவலப்பர் பீட்டாவுக்கு மட்டும் வேலி தொடர்ந்தது. ஆனால் அது பெயரளவுக்கு. யூடிஐடி சோதனை போய், ‘ப்ரொஃபைல்’ என்ற சிறு கோப்பை நிறுவினால் பீட்டா வரும் என்றாயிற்று. அந்தக் கோப்பு யாரிடமிருந்து யாருக்கும் போகலாம். போயிற்று. மொத்தக் கதையிலும் ஆபத்தான கட்டம் இதுதான்.

ப்ரொஃபைல் என்பது போனுக்கு இடப்படும் கட்டளைத் தாள். பீட்டா அப்டேட்டைக் காட்டு என்பது அதில் எழுதக்கூடிய மிகச் சாதாரண கட்டளை. போனின் இணையப் போக்குவரத்தை வேறு வழியாகத் திருப்பு, இந்தச் சான்றிதழை நம்பு, இந்தப் போனின் நிர்வாகத்தை அந்தத் தொலைதூரச் சர்வரிடம் ஒப்படை என்றும் எழுதலாம். அலுவலகங்கள் தம் ஊழியர்களின் போன்களை நிர்வகிக்கவே இந்த வசதி உண்டாக்கப்பட்டது. தீயவர்கள் கையில் அது என்ன செய்யும் என்பதை நம் நாட்டிலேயே பார்த்தோம். 2018 ஜூலையில் சிஸ்கோவின் டாலோஸ் ஆய்வுக் குழு வெளியிட்ட அறிக்கையின்படி, இந்தியாவில் 13 ஐபோன்களைப் போலி நிர்வாகச் சர்வரில் சேர்த்து, அவற்றில் வாட்ஸப், டெலிகிராம் போன்ற ஆப்களின் திருத்தப்பட்ட பதிப்புகளை ஏற்றிச் செய்திகளைக் களவாடியிருந்தார்கள். 2024 பிப்ரவரியில் குரூப்-ஐபி என்ற பாதுகாப்பு நிறுவனம் தாய்லாந்தில் கண்ட கோல்டுபிக்ஆக்ஸ் என்ற தீநிரல் இன்னும் நுட்பமானது. முதலில் ஆப்பிளின் சொந்தச் சோதனைத் தளமான டெஸ்ட்ஃப்ளைட் வழியாகவே ஆப்பை அனுப்பினார்கள். அந்த வழி அடைபட்டதும் நிர்வாக ப்ரொஃபைலை நிறுவச் சொல்லி ஏமாற்றினார்கள். ஆட்களின் முகப் பதிவையும் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டு வங்கிக் கணக்கைக் குறிவைத்தார்கள்.

இந்த இரண்டிலும் சிக்கியவர்கள் பீட்டா தேடிப் போனவர்கள் அல்லர். ஆனால் ‘யாரோ அனுப்பிய ப்ரொஃபைலை நிறுவு, கேட்கும் எச்சரிக்கைக்கெல்லாம் சரி சொல்’ என்பதைப் பழக்கமாக்கிவிட்டால் ஏமாற்றுக்காரன் வேலை பாதி முடிந்துவிடுகிறது. வேலிக்கு வெளியே நின்றவர்களிடம் அந்தப் பழக்கத்தை வளர்த்ததில் வேலிக்கும் பங்கு உண்டு. 2023-இன் தொடக்கத்தில் ஐஓஎஸ் 16.4 பீட்டாவோடு இது முடிவுக்கு வந்தது. அமைப்புகளில் மென்பொருள் அப்டேட் பகுதிக்குள்ளேயே ‘பீட்டா அப்டேட்’ என்ற தேர்வு வந்தது. தகுதி ஆப்பிள் கணக்கோடு கட்டப்பட்டது. இனிப் ப்ரொஃபைல் செல்லாது என்றார்கள். வேலியை இறுக்கும் ஏற்பாடு என்றே அப்போது பலரும் படித்தார்கள். நான்கு மாதத்தில் அதே ஏற்பாட்டின் வழியாக எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். ஆகவே இன்று யாராவது ஐபோன் பீட்டாவுக்கென்று ஒரு ப்ரொஃபைலையோ, பதிவு இடத்தையோ, கட்டண உதவியையோ நீட்டினால் அது ஏமாற்று என்று தயங்காமல் முடிவு கட்டலாம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. சோதனைப் பதிப்பு யார் கைக்குப் போகிறது என்பதைப் பொறுத்தே எந்தப் பிழை கண்ணில் படுகிறது என்பது அமைகிறது. 2018 பிப்ரவரியில் தெலுங்கில் ‘ஜ்ஞா’ என்ற கூட்டெழுத்தின் ஒரு வடிவம் செய்தியாக வந்தாலே ஐபோனின் ஆப்கள் செயலிழந்தன. ஞானம் என்ற பொருளுள்ள தெலுங்குச் சொல்லின் முதல் எழுத்து அது. குழந்தைகள் பள்ளியில் எழுதுவது. அந்த எழுத்தோடு கண்ணுக்குத் தெரியாத, இணைப்பைத் தடுக்கும் ஒரு குறி சேர்ந்த வரிசையைத் திரையில் வரைய முயன்றபோது மென்பொருள் தடுமாறியது. அறிவிப்பாக வந்தால் முகப்புத் திரையே விழுந்தது. விஷமிகள் அதை உலகெங்கும் அனுப்பி விளையாடினார்கள். பிப்ரவரி 19 அன்று 11.2.6 என்ற அவசர அப்டேட் வந்தது. வங்காளத்திலும் இதே வகைச் சேர்க்கைகள் சில இப்படி விழச் செய்தன.

அந்நேரம் சோதனையில் இருந்த 11.3 பீட்டாவில் இந்தப் பிழை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2020 ஏப்ரலிலும் அப்படியே. சிந்தி எழுத்துகளும் இத்தாலிக் கொடியின் எமோஜியும் சேர்ந்த செய்தி போன்களைச் செயலிழக்கச் செய்தபோது, மருந்து ஏற்கெனவே பீட்டாவில் இருந்தது. ஆனால் பிழை முதலில் கோடிக்கணக்கான போன்களுக்குப் போய்ச் சேர்ந்த அந்தப் பழைய பதிப்பும் ஒரு காலத்தில் பீட்டாவாகத்தான் இருந்தது. மாதக்கணக்கில் சோதிக்கப்பட்டது. அப்போது தெலுங்கிலும் வங்காளத்திலும் அன்றாடம் தட்டச்சு செய்கிறவர்கள் போதுமான அளவு உள்ளே இருந்திருந்தால் ஒருவர் கண்ணிலாவது பட்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பள்ளி ஆசிரியர், செய்தியாளர், பேரனுக்குத் தெலுங்கில் செய்தி அனுப்பும் தாத்தா: இவர்களில் யாரும் நிரல் எழுதுவதில்லை. 99 டாலர் கட்டி உறுப்பினராகும் காரணம் அவர்களுக்கு இல்லை. இந்திய எழுத்துமுறைகளின் பிழையோ அவர்கள் கைவிரலில்தான் அகப்படும். டெவலப்பர் என்ற தகுதியைச் சோதனைக்கு நிபந்தனையாக்கியதில் இருந்த ஓட்டை இதுவே.

கதவு திறந்தால் மட்டும் போதுமா? விண்டோஸின் அனுபவம் போதாது என்கிறது. 2018 அக்டோபர் 2 அன்று வெளியான விண்டோஸ் 10-இன் 1809 அப்டேட், சிலருடைய ஆவணங்களையும் படங்களையும் அழித்துவிட்டது. பயனர் கோப்புறைகளை வேறிடத்துக்கு மாற்றி வைத்திருந்தவர்களின் பழைய கோப்புறையில் மிஞ்சியிருந்த கோப்புகளை, தேவையற்ற நகல் என்று எண்ணி அது துடைத்தது. சில நாளில் வெளியீட்டை நிறுத்தினார்கள். நவம்பர் 13 அன்றுதான் மீண்டும் வந்தது. இன்சைடர்கள் சிலர் இதே பிழையை மாதங்களுக்கு முன்பே எழுதி அனுப்பியிருந்தார்கள். லட்சக்கணக்கான கருத்துகளுக்கு நடுவில், அதிக ஆதரவு வாக்கு பெறாததால், அவை அடியில் கிடந்தன. பிழையின் கடுமையைக் குறிப்பிடும் வசதியைப் பிறகே படிவத்தில் சேர்த்தார்கள். விண்டோஸ் 8-இன் கதை வேறு வகை. 2012 பிப்ரவரி 29 அன்று வந்த முன்னோட்டத்தை முதல் நாளிலேயே பத்து லட்சம் பேர் இறக்கினார்கள். ஸ்டார்ட் பொத்தானைக் காணோம் என்று அவர்கள் கத்தியது உலகத்துக்கே கேட்டது. நிறுவனம் கேட்டும் மாற்றவில்லை. அடுத்த ஆண்டு 8.1-இல் பொத்தானும், விண்டோஸ் 10-இல் மெனுவும் திரும்பி வந்தன.

காசு வாங்காத சோதனையாளரின் சொல்லுக்கு நிறுவனம் என்ன கடன்பட்டிருக்கிறது என்ற கேள்வியை இது எழுப்புகிறது. சம்பளம் வாங்கும் சோதனையாளர் செய்யும் வேலையின் ஒரு பகுதி பொதுமக்கள் தோளுக்கு மாறியிருக்கிறது. அவர்கள் கொடுப்பது நேரத்தை மட்டும் அல்ல. ஐபோனில் ஒரு பிழையை முறையாகத் தெரிவிக்க வேண்டுமானால் இரண்டு ஒலியளவுப் பொத்தான்களையும் பக்கவாட்டுப் பொத்தானையும் ஒருசேர ஒரு நொடி அழுத்தி விட வேண்டும். போன் சிறிதாக அதிரும். சில நிமிடங்களில் அமைப்புகளின் பகுப்பாய்வுத் தரவுக்குள், அந்தக் கணத்தில் போனுக்குள் என்னென்ன ஓடிக்கொண்டிருந்தன என்ற முழுப் பதிவு ஒரு பெரிய கோப்பாக வந்து உட்காரும். அதில் சொந்தத் தகவல்களும் இருக்கக்கூடும் என்று நிறுவனமே எச்சரிக்கிறது. அதைத்தான் பிழைக் குறிப்போடு அனுப்புகிறோம். இவ்வளவு கொடுப்பவருக்கு, உங்கள் குறிப்பை ஒரு மனிதர் படித்தார், இந்தப் பதிப்பில் திருத்தப்பட்டது என்று பதில் வர வேண்டும். அனுப்பும் குறிப்புகள் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கின்றன என்பது டெவலப்பர்களின் நெடுநாள் புகார். கட்டணம் கட்டியவர்களின் புகாரே அது என்றால் கட்டாதவர் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

விலை இல்லை என்பதால் செலவு இல்லை என்று எண்ணிவிடவும் கூடாது. 2015 ஜூனில் விண்டோஸ் 10 இன்சைடர்களுக்கு இறுதிப் பதிப்பு இலவசமாகுமா என்பதில் மைக்ரோசாஃப்ட் சொன்னதைச் சில நாளில் திருத்திச் சொன்னது. பழைய உரிமம் இல்லாதவர் சோதனைப் பாதையிலேயே தொடரலாம், வெளியேறினால் உரிமம் வேண்டும் என்பதே முடிவு. ஐபோனில் செலவு வேறு வடிவில் வரும். பீட்டா ஓடும் போனில் எடுத்த பேக்கப்பைப் பழைய பதிப்புக்குத் திருப்ப முடியாது. ஆகவே உள்ளே போகுமுன் கணினியில் ஒரு பேக்கப் எடுத்துத் தனியே காப்பகப்படுத்தி வைக்காதவர், திரும்பி வரும்போது போனை முழுதாக அழித்துவிட்டு வெறுங்கையோடு வருவார். 2019 கோடையில் ஐஓஎஸ் 13 பீட்டாக்களில் ஐகிளவுட் சேமிப்பு தடுமாறியதில், பீட்டா போடாத மற்றக் கருவிகளில் இருந்த கோப்புகளும் குழம்பின. ஒரே கணக்கில் எல்லாம் கோத்திருக்கும்போது சோதனை ஒரு போனோடு நிற்பதில்லை. 2018 ஆகஸ்ட் இறுதியில் ஐஓஎஸ் 12 பீட்டாவில் ஒரு தேதிக் கோளாறால், புதிய அப்டேட் வந்திருக்கிறது என்ற அறிவிப்பு போனைத் திறக்கும்போதெல்லாம் தோன்றியது. அப்டேட் எதுவும் வந்திருக்கவில்லை. அது சின்னத் தொல்லை. அவசர அழைப்போ வங்கி ஆப்போ வேலை செய்யாமல் போவது அப்படியல்ல. வேலைக்குப் போகும் ஒரே போனில் பீட்டா போடுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பெட்டியில் கிடக்கும் பழைய போன் புதிய பதிப்பை ஏற்குமானால் அதுவே தகுந்த இடம். அதற்கென்று தனிக் கணக்கும் தொடங்கிக்கொள்வது நல்லது.

ஜூனில் முதல் டெவலப்பர் பீட்டா, ஜூலை வாக்கில் பொது பீட்டா, செப்டம்பரில் வெளியீடு என்பதே பல ஆண்டாக நடந்துவரும் ஒழுங்கு. பொது பீட்டாவே பெரும்பாலோருக்குப் போதும். மொழிக்காக உள்ளே போகிறவர் ஜூனிலேயே போவதில் பயன் உண்டு. தமிழில் பார்க்க வேண்டியவை குறிப்பானவை. கொ, கோ, கௌ போன்ற இருபுறக் குறிகள் பிரியாமல் ஒட்டி வருகின்றனவா. பின்நகர்த்தும் விசையை அழுத்தினால் குறி மட்டும் அழிகிறதா, முழு எழுத்தும் போகிறதா. எழுத்தளவைப் பெரிதாக்கினால் உகரக் குறிகளின் அடி வெட்டுப்படுகிறதா. நீளமான தமிழ்ச் சொல் பொத்தானுக்குள் அடங்காமல் புள்ளிகளாகச் சுருங்குகிறதா. ஸ்ரீயும் க்ஷவும் சரியாக உருக்கொள்கின்றனவா. திரையைப் படித்துச் சொல்லும் வசதி தமிழ் எண்ணையும் ஆங்கிலச் சொல்லையும் கலந்த வரியில் எங்கே இடறுகிறது. ஒவ்வொன்றையும் தனிக் குறிப்பாக, எந்த ஆப்பில், எந்த விசைப்பலகையில், எந்த எழுத்துகளைத் தட்டியபோது என்று எழுதி, திரைப்பிடிப்பையும் அந்த எழுத்துகளையும் சேர்த்து அனுப்ப வேண்டும். தமிழ் தெரியாத பொறியாளர் அதை நகலெடுத்து ஒட்டியதும் பிழை அவர் கண்முன் நிகழ வேண்டும். அப்படி நிகழ்ந்தால்தான் அது வரிசையில் மேலே ஏறும். ஆகஸ்ட் பாதியைத் தாண்டிவிட்டால் போனை விழச் செய்யும் பிழைகளைத் தவிர மற்றவை அடுத்த பதிப்புக்குத் தள்ளப்படுவதே வழக்கம். ஆகவே உகரக் குறி வெட்டுப்படுவதைப் பற்றிய குறிப்பு ஜூலைக்குள் போய்விட வேண்டும்.